சிங்கராசா மினுக்கிய நிலம்

வங்காலைக் கரையில் இருக்கிற நண்டுக் கொம்பனியின் முன்கூடத்தில் றோஸ்மேரி வழுக்கி விழுந்தபோது, அவள் கையிலிருந்த தட்டு நிறைய அவித்த நண்டு. ஆள் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், நண்டு நாலு பக்கம். அன்றைக்கென்று சிங்கப்பூரிலிருந்து நண்டு வாங்குகிற ஆட்கள் வந்து மனேச்சரின் கந்தோர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மனேச்சர் சிங்கராசா கந்தோரிலிருந்து பாய்ந்து வந்தார். வந்தவர் முதலில் தூக்கியது நண்டைத்தான்.

இந்த ஒன்றை மட்டும் றோஸ்மேரி மன்னிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கத்தோலிக்கக் கோயில். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் திரும்பித் திரும்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில், சிங்கராசா இருக்கும் பக்கம் மட்டும் அவளுடைய கழுத்துத் திரும்பாது. கேட்டால் கழுத்துப் பிடிப்பு என்பாள். அடிபட்டது இடுப்பில் என்பது ஊருக்கே தெரியும்.

நண்டைப் பொறுக்கி முடித்த பிறகு சிங்கராசா தீர்ப்புச் சொன்னார்.

"செருப்புத் தேஞ்சு போச்சு றோஸ்மேரி. வயதும் போகுது. கொஞ்ச நாளைக்கு வெளியில நில்லும்."

வெளியில் என்றால் பின்வளவுப் பைப்படி. நண்டு வருகிற பிளாஸ்ரிக் கூடைகளைக் கழுவிக் கவிழ்க்கிற வேலை. அதுவரை அவள் மேசையில் இருந்தவள். குளிர் போட்ட அறையில், நீட்டு மேசையைச் சுற்றிப் பெண்கள் தொப்பி போட்டு இருந்து, ஓடு உடைத்துச் சதை எடுப்பார்கள். கைக்கு நண்டு, வாய்க்குக் கதை. அந்த மேசையின் கதைக்கு றோஸ்மேரிதான் தலைமை. பங்குத் தந்தையின் பிரசங்கத்திலிருந்து பஸ் கொண்டக்டரின் நடை வரைக்கும் அவள் நடித்துக் காட்டாதது இல்லை. கையும் நிற்காது, வாயும் நிற்காது.

இப்போது பைப்படியில் குந்தியிருக்க, கம்பிவலை யன்னலால் மேசைச் சிரிப்பு மட்டும் வெளியே வரும். யார் சொன்னது, என்ன சொன்னது, ஒன்றும் கேட்காது. முதல் கிழமை அவளுக்கு அது பெரிய வதையாக இருந்தது. இரண்டாவது கிழமை வேறு ஒன்று பிடிபட்டது. அவள் இல்லாமலும் அவர்களுக்குச் சிரிக்க முடிகிறது. இடுப்பு நோவைவிட அது கூட நொந்தது. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, கூடைகளைத்தான் போட்டு அடித்தாள்.

இப்படி இருக்கையில் ஜெனிற்றா ஒரு புதினச் செய்தியோடு பைப்படிக்கு வந்தாள். ஜெனிற்றா மேசையில் கடைசியாகச் சேர்ந்தவள், கைக்குழந்தைக்காரி, புதினம் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு இருக்க ஏலாதவள்.

"அன்ரி, சிங்கப்பூர்க்காரர் எழுதிப்போட்டினமாம். ஒரே இடத்தில மூண்டு பேர் விழுந்திருக்கினம், நிலத்தைச் சோதிச்சுக் காட்டுங்கோ எண்டு. கொழும்பில இருந்து ஒரு மிஸ் மெசினோட வாறாவாம். நிலம் வழுக்குமோ வழுக்காதோ எண்டு அந்த மெசின் சொல்லுமாம்."

மூன்று பேர் என்பது உண்மைதான். றோஸ்மேரிக்கு முன்னமே ஜெனிற்றாவும் அந்தோனியம்மாவும் அதே முன்கூடத்தில் விழுந்து எழும்பியவர்கள். அவிக்கிற கொட்டிலிலிருந்து மேசை அறைக்குத் தட்டுக் கொண்டுபோக வேறு வழி கிடையாது. முன்கூடத்தைக் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். பழைய காலத்துச் சிவப்புச் சீமெந்து நிலம். ஒரு தலைப்பில் வாசலும் சிங்கராசாவின் கந்தோரும், மற்றத் தலைப்பில் அவிக்கிற கொட்டில்.

பின்னேரம் சிங்கராசாவே பைப்படிக்கு வந்தார்.

"செவ்வாய்க்கிழமை எல்லாம் தெரிஞ்சுபோம். பிழை நிலத்திலயோ செருப்பிலயோ எண்டு. நிலத்தில பிழையெண்டால் நீர் மேசைக்கு வாரும், நான் ஒண்டும் சொல்லமாட்டன். நிலம் சரியெண்டால் பிறகு இந்தக் கதை எடுக்கக்கூடாது. இங்கதான் வேலை. சரியோ?"

"ஓம் சேர்," என்றாள் றோஸ்மேரி. ஓம் என்று சொன்ன வாய் மூடுமுன்னமே அவளுடைய மூளை வேலை தொடங்கிவிட்டது.

நிலம் வழுக்கவேண்டும். வழுக்காவிட்டால் வழுக்கப்பண்ணவேண்டும். சவுக்காரத் தண்ணியைத் தெளிக்கலாம், ஆனால் நுரை காட்டிக்கொடுக்கும். தேங்காயெண்ணெய் பூசலாம், மணக்கும். நண்டு அவித்த தண்ணியைச் சிந்தவிடலாம், அதை ஒருவர் துடைத்துவிடுவார். இரண்டு நாளாய் இப்படி யோசித்து யோசித்து, கடைசியில் விடை தன்பாட்டுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வளவுக்குள் நடந்துபோவதைக் கண்டாள். சிங்கராசாவின் சப்பாத்து. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

சிங்கராசாவுக்கு மினுக்கம் என்றால் உயிர். திருநாளுக்குக் கோயில் நிலத்துக்குச் சிவப்புப் பொலிஷ் போடுகிற பொறுப்பு அவருடையது. வேறொருவரைத் தொட விடமாட்டார். பாதியாய் வெட்டின தேங்காய் மட்டையைக் காலுக்குக் கீழே வைத்து, இடுப்பில் கையூன்றி, முன்னும் பின்னும் அவர் தேய்க்கிற தேய்ப்பைப் பார்க்கவே சிறுவர்கள் கூடுவார்கள். வீட்டிலும் அப்படி, கொம்பனியிலும் அப்படி. வேலை செய்கிற பெண்கள் போன பிறகு தனியாக நின்று தேய்ப்பார். வருகிற ஆள் வாசலில் நின்று "ஆ" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

திங்கட்கிழமை மத்தியானம் றோஸ்மேரி ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வேண்டுமென்றே கந்தோர் வாசலால் போனாள்.

"என்ன சேர், நாளைக்கு நிலம் பாக்கிற மிஸ் வாறா. நிலம் இப்பிடிக் கிடக்குது."

"எப்பிடிக் கிடக்குது?"

"மங்கிப்போய்க் கிடக்குது. எனக்கென்ன. கொழும்புக்குப் போய் அவதான் சொல்லப்போறா, மன்னார்ப் பக்கத்து ஆக்களுக்கு நிலம் வைச்சிருக்கத் தெரியாதெண்டு."

சிங்கராசா கதிரையை விட்டு எழும்பி வந்து நிலத்தைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஆயர் ஆண்டகை கோயிலுக்கு வந்த அண்டு போட்ட மாதிரி ஒருக்கால் போட்டால் காணுமோ?"

"ஆண்டகை நிலத்தையோ பாத்தவர் சேர்? ஆக்களின்ர முகத்தைத்தானே பாத்தவர். இவ நிலத்தை மட்டும்தான் பாப்பா. ரெண்டு தரம் போட்டாலும் பிழையில்லை."

சிங்கராசா மூன்று தரம் போட்டார். அன்று பின்னேரம் காற்சட்டையை மடித்துவிட்டு அவர் மட்டையில் ஏறி நின்று ஆடிய ஆட்டத்தை, றோஸ்மேரி வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். தான் பெரிய கள்ளம் ஒன்று செய்துவிட்டதாக அவளுக்கு ஒரே சந்தோசப் புளுகம். சூழ்ச்சி செய்கிறவர்களுக்குத் தங்கள் சூழ்ச்சியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. அவளுக்கும் படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்த மிஸ்ஸின் பெயர் துஷ்யந்தி. முப்பது வயது இருக்காது. தடித்த அடிச் சப்பாத்து, தோளில் ஒரு பெட்டி. வாசற்படி தாண்டி ஒரு கால் உள்ளே வைத்தவள் கதவு நிலையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கால் அரையடி முன்னே போய்விட்டிருந்தது.

"வடிவா இருக்குது, என்ன மிஸ்?" என்றார் சிங்கராசா. சப்பாத்தும் மினுங்கியது, நிலமும் மினுங்கியது, மனிதரும் மினுங்கினார்.

"முகம் தெரியுது சேர்," என்றாள் துஷ்யந்தி. அதை அவர் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

வேலையை நிறுத்திப் பெண்கள் எல்லோரும் மேசை அறை வாசலில் வந்து நின்றார்கள். றோஸ்மேரி ஈரக் கையோடு பின்பக்கத்தால் வந்து கொட்டில் வாசலில் நின்றாள். துஷ்யந்தி பெட்டியிலிருந்து ஒரு தாங்கியை எடுத்துப் பூட்டினாள். அதில் ஒரு கை தொங்கியது. கையின் நுனியில் சப்பாத்தின் குதி மாதிரி ஒரு றப்பர்த் துண்டு.

"இந்தக் கையை மேல தூக்கி விடுவன். றப்பர் நிலத்தில உரசிக்கொண்டு மற்றப் பக்கம் போகும். நிலம் பிடிச்சுதெண்டால் கை கனதூரம் ஏறாது, எண் கூட வரும். பிடிக்காட்டி மேல போயிடும், எண் குறையும். ஈர நிலத்தில முப்பத்தாறுக்கு மேல வந்தால் பயமில்லை."

கந்தோர்ப் பக்கமாக நிலத்தில் தண்ணீர் தெளித்தாள். கையை விட்டாள். அது நிலத்தைத் தொட்டதோ இல்லையோ என்று சந்தேகப்படுகிற மாதிரி, வீசின வேகத்தில் மற்றப் பக்கம் உச்சிக்குப் போனது.

"பதினொண்டு," என்றாள் துஷ்யந்தி.

"எத்தினைக்குப் பதினொண்டு மிஸ்?"

"எத்தினைக்கு எண்டில்லை சேர். இதில ஆக்கள் நடக்கக்கூடாது."

றோஸ்மேரிக்கு அந்த மெசினைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும் போல இருந்தது. மேசை வாசலில் நின்ற அந்தோனியம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எனக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கோ என்று அதற்குப் பொருள். அந்தோனியம்மா மேசையில் மூத்தவள், பார்வையிலேயே எல்லாம் விளங்குகிறவள். தலையை ஆட்டினாள்.

ஆனால் துஷ்யந்தி குந்தி இருந்து நிலத்தை நகத்தால் சுரண்டினாள். நகத்துக்குள் சிவப்பு மெழுகு ஏறியது.

"இதென்ன சேர்?"

"பொலிஷ் மிஸ். நேற்றுத்தான் போட்டனான். உங்களுக்காகத்தான். மூண்டு தரம்."

துஷ்யந்தி நகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று தெரியவில்லை.

"நான் வந்தது நிலத்தைச் சோதிக்க, பொலிஷை இல்லை. கொட்டில் பக்கத்துப் பாதியைச் சுடுதண்ணி விட்டு உரஞ்சி எடுங்கோ. வெறும் நிலத்தில திருப்பிச் செய்யவேணும்."

பிறகு நடந்ததில் றோஸ்மேரிக்கு ஒரு சந்தோசமும் இல்லை. பெண்கள் முழங்காலில் நின்று பாதி நிலத்தை உரஞ்சினார்கள். மூன்று தரம் போட்டது மூன்று தரம் உரஞ்சினாலும் போகமாட்டேன் என்றது. போடச் சொன்ன வாயைத் திட்டிக்கொண்டே அவளும் உரஞ்சினாள். கழுவின தண்ணீர் மினுங்குகிற மற்றப் பாதிக்கு ஓடி அங்கங்கே தேங்கி நின்றது.

வெறும் நிலம் தெரிந்ததும் துஷ்யந்தி மெசினைத் தூக்கி அங்கே வைத்தாள். தண்ணீர் போதாதென்று, தட்டிலிருந்து வழக்கமாய்ச் சிந்துகிற நண்டுத் தண்ணியையே ஒரு வாளியில் கேட்டு வாங்கி ஊற்றினாள். கையை விட்டாள். றப்பர் நிலத்தில் கர் என்று உரசி, பாதி வழியில் களைத்து நின்றது.

"நாப்பத்திரண்டு." இன்னும் நாலைந்து இடத்தில் செய்தாள். எல்லாம் அதற்கு அண்மையில்தான். "நல்ல நிலம் சேர். அந்தக் காலத்தில ஆரோ நல்லாச் செய்திருக்கிறார். நண்டுத் தண்ணியிலயும் பிடிக்குது."

சிங்கராசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. றோஸ்மேரியின் முகத்தை அவர் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"கேட்டீர்தானே. நிலத்தில பிழையில்லை. இனி இந்தக் கதை எடுக்கக்கூடாது."

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அழக்கூடாது என்று தண்ணீர் தள்ளிவிட்டுக் கீழே கிடந்த தும்புத்தடியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். கள்ளம் செய்தும் வெல்ல முடியவில்லையே என்பதுதான் அவமானம். இனிச் சாகும் வரைக்கும் பைப்படியும் கூடையும் யன்னலால் வருகிற சிரிப்பும்தான்.

துஷ்யந்தி மெசினைக் கழற்றத் தொடங்கினாள். றப்பரைத் துடைத்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"சேர், உந்தப் பொலிஷ் எந்தெந்த நாளில போடுறனீங்கள்?"

தன்னுடைய பொலிஷைப் பற்றி யாராவது கேட்டால் சிங்கராசா மறைக்கிற ஆள் இல்லை. நெஞ்சை நிமிர்த்தினார்.

"சும்மா நாளில போடுறேல்லை மிஸ். ஆரும் பெரிய ஆக்கள் வந்தால் மட்டும்தான். இப்ப கடைசியா சிங்கப்பூர்க்காரர் வந்தபோது போட்டனான்."

தும்புத்தடி றோஸ்மேரியின் கையில் அப்படியே நின்றது.

"அதுக்கு முதல்?" என்றாள் துஷ்யந்தி.

"அதுக்கு முதல் புது அடுப்பு மந்திரிக்கப் பாதர் வந்தவர்."

மேசை வாசலிலிருந்து அந்தோனியம்மாவின் குரல் வந்தது.

"பாதர் வந்த அண்டுதானே நான் விழுந்தனான். தீர்த்தம் தெளிச்சுக்கொண்டு வந்தவர், நான் முழங்காலில போய் விழுந்தன். எல்லாரும் பக்தி எண்டு நினைச்சுத் தாங்களும் முழங்காலில இருந்தவை. என்னைத் தூக்க ஒருத்தரும் வரேல்லை."

சிரிப்பு ஒன்று புறப்பட்டுப் பாதியில் நின்றது. ஜெனிற்றா கையை நெஞ்சில் வைத்தாள்.

"சேர், வங்கிக்காரர் வந்த அண்டும் போட்டனீங்களோ?"

வங்கிக்காரர் வந்த அன்று ஜெனிற்றா தேநீர்த் தட்டோடு விழுந்ததும், ஒரு கோப்பை வங்கிக்காரர் மடியில் போய் இருந்ததும் சிங்கராசாவுக்கு நல்ல ஞாபகம்.

"அப்ப நிலத்திலயும் பிழையில்லை, செருப்பிலயும் பிழையில்லை," என்றாள் துஷ்யந்தி ஆறுதலாக. "மூண்டு பேரையும் விழுத்தினது பொலிஷ். அதைத்தான் எழுதுவன்."

றோஸ்மேரி சிவப்பாய் மினுங்கும் அந்தப் பாதியைப் பார்த்தாள். நேற்றுத் தான் கள்ளமென்று நினைத்துப் போடச் சொன்னது, தான் விழுந்த நாளில் இருந்த அதே நிலம். மெசின் சொன்ன பதினொன்றில் ஒரு பொய்யும் இல்லை. இவ்வளவு நாளும் இது தன் மண்டைக்கு எட்டவில்லையே என்று அவளுக்கு அவளிலேயே சிரிப்பு வந்தது.

"அதெல்லாம் தற்செயல் மிஸ். நான் ஒருக்கால் போன் எடுத்துக் கேக்கிறன்," என்று சிங்கராசா கந்தோரைப் பார்த்து விறுக்கென்று நடந்தார். யாருக்குப் போன் எடுத்து எதைக் கேட்கப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். வெறும் நிலம் முடிந்து மினுக்கம் தொடங்குகிற இடமும், அதில் தேங்கி நின்ற தண்ணீரும் அவர் கண்ணில் படவில்லை.

நாலடி போனார். ஐந்தாவது அடியில் இரண்டு காலும் இரண்டு பக்கம் போகப் பார்த்தன. எப்படியோ விழாமல் நின்றுவிட்டார், முழங்காலை மடித்து, இரண்டு கையையும் விரித்து. பிடிக்க ஒரு தூண் இல்லை, கதிரை இல்லை. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் வர ஏலாது. இடது குதியைக் கொஞ்சம் அசைத்தார், வலது கால் தன்பாட்டுக்குப் போகத் தொடங்கியது. அசைவதை விட்டுவிட்டார்.

"சேர், ஆடாதேங்கோ," என்றாள் துஷ்யந்தி.

அவர் ஆடுகிற நிலைமையில் இல்லை.

றோஸ்மேரி பின்வளவுக்குப் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். உப்பு வந்த வெறும் சாக்குகள் நாலைந்தை அள்ளிக்கொண்டு வந்தாள். வெறும் காலோடு மினுக்கத்தின் விளிம்பில் நின்று ஒன்றை விரித்தாள். அதில் ஏறி நின்று அடுத்ததை விரித்தாள். ஆண்டகை வந்த அன்று கோயில் வாசலில் வெள்ளைத் துணி விரித்த அதே கவனத்தோடு சுருக்கம் எடுத்து எடுத்து விரித்தாள். அவருக்கும் கடைசிச் சாக்குக்கும் இடையில் ஒரு சாக்கு நீளம் மிச்சம் இருந்தபோது நிறுத்தினாள். கையில் இன்னும் ஒன்று இருந்தது. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"சேர், என்ர செருப்பில பிழையோ?"

"இல்லை."

"அங்கால நிக்கிறாக்களுக்குக் கேக்கேல்லை."

"செருப்பில பிழையில்லை," என்றார் சிங்கராசா சத்தமாக. சத்தம் போட்டதில் உடம்பு கொஞ்சம் ஆடியது.

"நாளைக்கு எனக்கு எங்க வேலை?"

"மேசையில."

"இண்டைக்கு?"

"இண்டைக்கும் மேசையிலதான். சாக்கைப் போடும் றோஸ்மேரி, கால் நடுங்குது."

அவள் போடவில்லை. இவ்வளவு நேரமும் முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டது. குரலும் தாழ்ந்துவிட்டது.

"அண்டைக்கு நான் விழுந்து கிடக்க, ஓடி வந்தனீங்கள். முதல்ல எதைத் தூக்கினீங்கள் சேர்?"

சிங்கராசா அவளைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே நிலத்தில் அவருடைய முகம் வடிவாகத் தெரிந்தது.

"நண்டை," என்றார்.

"ஓம். நண்டைத்தான்."

அவள் கடைசிச் சாக்கை விரித்தாள். அதன்மேல் ஏறி நின்று, ஈரம் காயாத கையை நீட்டினாள்.

"வாங்கோ சேர். ஆளைத்தான் முதல்ல தூக்கிறது."

சிங்கராசா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சாக்கு ஒரு சாக்காக வெறும் நிலத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை.

மத்தியானத்துக்கு முன்னமே றோஸ்மேரி தொப்பி போட்டு மேசையில் இருந்தாள். முதல் நண்டை உடைக்கவில்லை, எழும்பி நின்று முழங்காலை மடித்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கம்பிவலை யன்னலால் பீறிக்கொண்டு வந்த சிரிப்பு, பின்வளவைச் சுற்றி வாசற்பக்கத்துக் கந்தோர் வரைக்கும் போனது. சிங்கராசா பொலிஷ் தகரத்தின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். மேசையில் என்ன கதை நடக்கிறது என்று அவர் எழும்பிப் போய்க் கேட்கவேண்டியிருக்கவில்லை.